நோயியல் ரெசிடென்ட் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனையில் நோயியல், அதாவது பேத்தாலஜி, முதுநிலைப் பயிற்சியில் சேர்ந்தவர்களும் சேர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பயிற்சி மருத்துவர்களின் பக்கத்தில் அமர்ந்து கற்றுத்தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அவையெல்லாம் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள்.

நோயியல் ரெசிடென்ட், அதாவது முதுநிலைப் பயிற்சி மருத்துவர், நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார்?

காலையில் ஸ்லைடுகள் வந்து சேரும். முந்தைய நாள் வெட்டிய திசு இரவு முழுவதும் இயந்திரத்துக்குள் ஆல்கஹால், சைலீன், உருகிய பாரஃபின் மெழுகு என்று ஒவ்வொன்றாக ஊறி, விடிந்ததும் மெழுகுக் கட்டியாகி, மைக்ரோடோமில் 3 முதல் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவப்பட்டு, ஹிமட்டாக்சிலின், ஈயோசின் சாயம் ஏறி உங்கள் மேசைக்கு வருகிறது. ஒரு சிவப்பணுவின் விட்டமே சுமார் 7 மைக்ரான். அதைவிட மெல்லிய சீவலைத்தான் பார்க்கிறீர்கள். அவற்றை முதலில் நீங்கள் பார்த்து, நோயாளியின் பழைய அறிக்கைகளையும் ஸ்கேன் முடிவுகளையும் தேடிப் படித்து, வரைவு அறிக்கை எழுதிவைக்க வேண்டும். அதன்பின், பலர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியில் மூத்த மருத்துவரோடு அமர்ந்து ஒவ்வொன்றையும் முடிவு செய்வீர்கள். இதற்குத்தான் சைன்-அவுட் என்று பெயர்.

பிற்பகலில் கிராஸிங். அறுவை அரங்குகளிலிருந்து வந்த உறுப்புகளை அளந்து, வெட்டி, எந்தத் துண்டு நுண்ணோக்கிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை அது. நடுநடுவே ஃப்ரோசன் (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் அவசரச் சோதனை) அழைப்பு வரும், ஊசி உறிஞ்சல் சோதனை (கட்டியில் ஊசி செலுத்திச் செல்களை எடுத்துப் பார்ப்பது) இருக்கும், புற்றுநோய்க் குழுக் கூட்டம், இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எல்லாம் இருக்கும். ரத்தவியல், சைட்டாலஜி (தனிச் செல்களை ஆராயும் பிரிவு), ரத்த வங்கி ஆகியவற்றுக்குச் சுழற்சி முறையில் சில மாதங்கள் போய்வருவீர்கள்.

பயிற்சி எத்தனை ஆண்டுகள்?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் எம்.டி. பட்டத்துக்கு 3 ஆண்டுகள். அமெரிக்காவில் திசு நோயியலையும் ஆய்வக மருத்துவத்தையும் சேர்த்துப் படித்தால் 4 ஆண்டுகள். எங்கே படித்தாலும், முடித்த பிறகு சிறுநீரகம், தோல், ரத்தவியல், நரம்பியல் என்று ஏதாவது ஒன்றில் கூடுதலாக ஓரிரு ஆண்டு பயில்பவர்கள் உண்டு.

முதல் சில மாதங்கள் எதுவுமே புரியவில்லை. இது இயல்பா?

இயல்புதான். மற்ற துறைகளில் சேர்பவர்கள் இளநிலைப் படிப்பில் ஓரளவு செய்து பழகிய வேலையைத் தொடர்கிறார்கள். நீங்கள் முற்றிலும் புதிய வேலையைத் தொடங்குகிறீர்கள். ஸ்டெதஸ்கோப் பிடித்துப் பழகிய கைக்கு கத்தியும், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவமும் புதிது. கண்ணுக்கு இளஞ்சிவப்பும் நீலமும் தவிர வேறெதுவும் தெரியாது. இந்தக் காலத்தில் அரிய கட்டிகளின் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. இயல்பான திசுவைப் படியுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் நோய் இல்லாத பகுதி கொஞ்சமாவது இருக்கும். நோயைப் பார்த்த பிறகு அந்தப் பகுதிக்குப் போய் நில்லுங்கள். இயல்பான இரைப்பைச் சளிப்படலம் எத்தனை விதமாகத் தோன்றலாம் என்று தெரிந்தவருக்குத்தான் இயல்பற்றது கண்ணில் படும்.

கிராஸிங் வேலையைத் தொழில்நுட்பர் செய்யக் கூடாதா? அதற்கு ஏன் இவ்வளவு நேரம்?

பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கிராஸிங் செய்யும் மருத்துவமனைகள் உண்டு. பலர் மிக நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் ரெசிடென்ட் இதைக் கையால் செய்தே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஸ்லைடை இன்று தவறாகப் படித்தால், நாளை இன்னொருவர் அதே ஸ்லைடை எடுத்துச் சரியாகப் படிக்க முடியும். எடுக்காமல் விட்ட திசு அப்புறப்படுத்தப்பட்ட பிறகு அதை யாராலும் படிக்க முடியாது.

புற்றுநோய்க்காக வெட்டியெடுத்த பெருங்குடல் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் டப்பாவின் லேபிளையும் விண்ணப்பப் படிவத்தையும் ஒப்பிடுங்கள்: பெயர், எண், உறுப்பு, எந்தப் பக்கம். பிறகு கத்தியைத் தொடாமல் இரு கைகளாலும் புரட்டிப் பாருங்கள். வெளிப்பரப்பு எங்காவது சுருங்கி உள்ளிழுத்திருக்கிறதா? அந்த இடத்துக்கு உள்ளேதான் பெரும்பாலும் கட்டி ஆழமாகப் பாய்ந்திருக்கும். அறுவை மருத்துவர் வெட்டிய விளிம்புக்கு மை தடவுங்கள். நாளை நுண்ணோக்கியில் புற்றுச்செல்லுக்கும் அந்த மைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துதான் "விளிம்பில் நோய் இல்லை" என்று எழுதப்போகிறீர்கள். மை உலரும்வரை பொறுங்கள். ஈரத்தோடு வெட்டினால் மை திசுவுக்குள் வழிந்து, இல்லாத இடத்தில் விளிம்பு இருப்பதாகக் காட்டும்.

அடுத்தது நிணநீர்க் கணுக்கள். குடலை ஒட்டிய கொழுப்பை விரல்நுனிகளுக்கு இடையே மெதுவாக நசுக்கிக்கொண்டே போக வேண்டும். பெருங்குடல் புற்றுக்குக் குறைந்தது 12 கணுக்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. பெரிய கணுக்கள் உடனே கிடைத்துவிடும். 3 மில்லிமீட்டர் கணுவைத் தேடும்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. அந்தச் சிறிய கணுவில் புற்று இருந்தால் நோயாளியின் நிலை இரண்டிலிருந்து மூன்றாக மாறும்; அறுவையோடு முடிந்திருக்கக்கூடிய சிகிச்சையில் கீமோதெரபியும் பெரும்பாலும் சேரும். மாலை 6 மணிக்குக் கால் வலிக்க, 9 கணுக்களோடு போதும் என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொண்டு மீண்டும் கொழுப்பில் தேடுங்கள்.

மார்பகத்தில் நேரம் முக்கியம். திசு உடலைவிட்டு வெளியேறி ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும்; முழுக்கட்டியாக அப்படியே மிதக்கவிடாமல், மை தடவிய பின் சீவி, ஃபார்மலின் உள்ளே இறங்க வழிசெய்ய வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். இதில் தவறினால் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 (புற்றுச்செல்லின் பரப்பில் இருக்கும் ஒரு புரதம்) சோதனைகள் பொய்யான முடிவைத் தரலாம். அந்த முடிவை நம்பித்தான் அந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடவும் கூடாது. லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று, சந்தேகம் உள்ள கணுவில் ஒரு பகுதி ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பரிசோதிக்கும் முறை) பச்சையாகவே போக வேண்டும். சிறுநீரகப் பயாப்ஸியை, அதாவது சோதனைக்காக எடுத்த சிறு திசுத் துண்டை, சாதாரண நுண்ணோக்கி, இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயச் சோதனை), எலக்ட்ரான் நுண்ணோக்கி என்று மூன்றுக்கும் பிரிக்க வேண்டும். கௌட் நோயின் யூரேட் படிகங்கள் ஃபார்மலினில் கரைந்து போகும். அதற்கு ஆல்கஹால் வேண்டும். விண்ணப்பத்தை வாசிக்காமல் கத்தியை எடுப்பவருக்கு இவை எதுவும் தெரியவராது.

சிறிய பயாப்ஸிகள் எளிதானவைதானே?

அளவு மட்டும்தான் சிறியது. துண்டுகளை எண்ணி எழுதுங்கள். மறுநாள் மெழுகுக் கட்டியில் அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று தொழில்நுட்பர் சரிபார்க்க அது உதவும். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் இடுக்கியையும் பலகையையும் துடையுங்கள். ஒருவரின் கட்டியிலிருந்து உதிர்ந்த துணுக்கு மற்றவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டால், நோயே இல்லாதவருக்குப் புற்று என்று அறிக்கை போகும் அபாயம் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு பயாப்ஸிகளை அடுத்தடுத்து எடுக்காமல், நடுவே வேறோர் உறுப்பை வைப்பது நல்ல பழக்கம்.

ஸ்லைடு பார்க்க எப்படிக் கற்றுக்கொள்வது?

முதலில் வெறும் கண்ணால். ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே எத்தனை துண்டுகள், எந்தப் பகுதி நீலமாக அடர்ந்திருக்கிறது என்று தெரியும். பிறகு மிகக் குறைந்த உருப்பெருக்கம். புதியவர்கள் நேராக 40 மடங்கு லென்ஸுக்குத் தாவி ஒரு செல்லின் உட்கருவை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நோயின் அமைப்பு கீழ் உருப்பெருக்கத்தில்தான் தெரியும். தொற்றால் வீங்கிய நிணநீர்க் கணுவில் ஃபாலிக்கிள்கள் (வட்டமான செல் திரள்கள்) அளவிலும் வடிவிலும் பலவிதமாக, தள்ளித் தள்ளி இருக்கும். அவற்றுக்குள் இறந்த செல்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். ஃபாலிக்குலர் லிம்போமாவில் ஒரே அளவிலான ஃபாலிக்கிள்கள் முதுகோடு முதுகு நெருக்கிக்கொண்டு கணு முழுவதும் நிறைந்திருக்கும். அந்த வெளிறிய புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. இந்த வேறுபாட்டைக் காண நான்கு மடங்கு லென்ஸே போதும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்வேன்: பெயர் சூட்டுவதற்கு முன் கண்டதை எழுதுங்கள். "சுரப்பிகள் ஒழுங்கற்று, பின்புலத் திசு இறுகி, உட்கருக்கள் அடுக்காக" என்று எழுதிய கை, தன் முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். முதலிலேயே பெயரை முடிவுசெய்துவிட்டால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும் பொறுக்கும். சைன்-அவுட்டுக்குப் போகும்முன் உங்கள் முடிவை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதாமல் போனால் மூத்தவர் சொன்னதும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிக்கொள்ளும். எதையும் கற்றிருக்க மாட்டீர்கள்.

மூத்த மருத்துவரின் முடிவு எனக்குச் சரியாகப் படாவிட்டால்?

சொல்லுங்கள். "சார், இந்த ஓரத்தில் மைட்டோசிஸ் (செல் பிளவு) அதிகம் இருப்பதுபோல் தெரிகிறது, ஒருமுறை பார்க்கலாமா?" என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் எந்த நல்ல ஆசிரியரும் ஸ்லைடை நகர்த்திப் பார்ப்பார். அறிக்கையில் கையெழுத்தும் பொறுப்பும் அவருடையவை. ஆனால் ஸ்லைடை முழுவதும் சலித்துப் பார்த்தவர் பல நேரங்களில் நீங்கள்தான். கருத்து வேறுபாடு நீடித்தால் இன்னும் ஆழமான சீவல்கள் கேட்கலாம், குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் இம்யூனோ சாயம் போடலாம், துறையில் மூன்றாமவரிடம் காட்டலாம். இவை அன்றாடம் நடப்பவை. இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

ஃப்ரோசன் செக்‌ஷன் என்றால் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?

நோயாளி மயக்கத்தில் மேசைமீது இருக்கிறார், அறுவை மருத்துவர் கையுறையோடு காத்திருக்கிறார். திசுவை மைனஸ் 20 டிகிரி அளவில் உறையவைத்து, கிரையோஸ்டாட் என்ற குளிர்ப்பெட்டிச் சீவியில் சீவி, அவசரச் சாயம் போட்டு, ஒரு துண்டுக்கு 20 நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. பனிப்படிகங்கள் செல்களைச் சிதைக்கும், கொழுப்பு சரியாக உறையாமல் கிழியும், எலும்பைச் சீவவே முடியாது.

பதற்றம் குறைய ஒரே வழி, திசுவைத் தொடும்முன் "என் பதிலை வைத்து இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதுதான். விளிம்பில் நோய் இருந்தால் இன்னும் வெட்டுவாரா? குழந்தையின் குடலில் நரம்பணுத்திரள் செல்கள் தென்படும் இடத்தில் இணைப்புப் போடப் போகிறாரா? தானமாக வந்த கல்லீரலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று தெரிந்தால்தான் பொருத்துவாரா? கேள்வி தெரிந்தால் பதிலின் எல்லையும் தெரியும். அறுவையின் போக்கை மாற்றாத, வெறும் ஆவலுக்கான ஃப்ரோசனை மரியாதையாக மறுக்கலாம். திசு மிகச் சிறியதாக இருந்தால் மறுத்தே ஆக வேண்டும், ஏனெனில் உறையவைத்ததில் வீணானது திரும்பக் கிடைக்காது. உறுதியாகத் தெரியாதபோது "நிரந்தர ஸ்லைடு வரும்வரை ஒத்திவைக்கிறேன்" என்பது முழுமையான, நேர்மையான பதில். அதைச் சொல்லும் துணிவையும் சேர்த்துத்தான் இந்த மேசையில் கற்கிறீர்கள்.

ரத்தவியலும் ரத்த வங்கியும் பொழுதைக் கழிக்கும் சுழற்சிகள் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இரவு 2 மணிக்கு நீங்கள் உடனே செய்யும் ஒரு வேலை உயிரைக் காக்கும் என்றால் அது பெரும்பாலும் இங்கேதான். ஈறில் ரத்தம் கசிகிறது என்று வந்தவரின் ரத்தப் பூச்சை, அதாவது ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிய ரத்தத்தை, எடுத்துப் பார்க்கிறீர்கள். தட்டணுக்கள் அரிது. பெரிய, துகள்கள் அடர்ந்த செல்கள். சிலவற்றில் ஆவர் கம்பிகள் எனும் ஊசி போன்ற துகள்கள் கட்டுக்கட்டாக. இது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றாக இருக்கலாம். 15, 17ஆம் குரோமோசோம்களின் இடமாற்றத்தை மரபணுச் சோதனை உறுதிசெய்யும்வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகத்தின் பேரிலேயே ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தைத் தொடங்குகிறார்கள், ஏனெனில் அதற்குள் மூளையில் ரத்தக்கசிவு நேரலாம். பூச்சைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால்?

மறுபக்கமும் உண்டு. வார்டில் நலமாக உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டணு 20,000 என்று இயந்திரம் காட்டும். பூச்சில் பார்த்தால் தட்டணுக்கள் இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்த குழாயில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கிடக்கும். வேறொரு உறைவுத் தடுப்பியான சிட்ரேட் உள்ள குழாயில் மீண்டும் எடுக்கச் சொன்னால் எண்ணிக்கை சரியாகிவிடும். தேவையற்ற தட்டணு ஏற்றுதல் தவிர்க்கப்படும்.

ரத்த வங்கியில் வகை பொருந்தாத ரத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆய்வுப் பிழை அல்ல. படுக்கை அருகில் நடக்கும் அடையாளக் குழப்பம். 1901இல் ரத்த வகைகளை விளக்கி எழுதிய கார்ல் லாண்ட்ஸ்டைனர், அப்போது வியன்னாவில் நோயியல் உடற்கூறு நிலையத்தில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த மருத்துவர்தான். ரத்த வங்கி நம் துறையோடு நிற்பதில் வியப்பில்லை.

பிரேதப் பரிசோதனை இன்னும் தேவையா?

தேவை. ஸ்கேன்கள் பெருகிய பிறகும், இறப்புக்கு முன் யாரும் சந்தேகிக்காத நோய்கள் உடலைத் திறக்கும்போது தெரியவருகின்றன. திடீரென இறந்தவரின் நெஞ்சைத் திறந்ததும், இதயத்தையும் நுரையீரலையும் வெளியே எடுக்கும்முன், நுரையீரல் தமனியை இருந்த இடத்திலேயே வெட்டி விரலை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். கால் சிரையிலிருந்து வந்த ரத்தக்கட்டி அங்கே சுருண்டு கிடக்கலாம். உறுப்பை எடுத்துவிட்டுத் தேடினால் அது நழுவிப் போயிருக்கும். அந்தக் கட்டி நுரையீரலிலேயே உருவாவதில்லை, வேறிடத்திலிருந்து பயணித்து வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவியவர் ஜெர்மன் நோயியல் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ. அவரும் பிரேத மேசையில் நின்றுதான் கண்டார்.

குடும்பத்தின் அனுமதியோடு செய்யும் பரிசோதனையில் அந்த அனுமதியின் எல்லையைத் தாண்டக் கூடாது. முடித்ததும் உடலைத் தைத்து, கழுவி, துடைத்து ஒப்படைப்பதும் மருத்துவ வேலைதான். உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஃபார்மலின் உடல்நலத்தைக் கெடுக்குமா?

அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் மேசை, இயங்கும் வெளியேற்றி, கையுறை, கண்ணாடி இவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கர்ப்பமாக இருப்பவர்களும் திட்டமிடுபவர்களும் தயங்காமல் துறைத்தலைவரிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பச்சைத் திசுவில் காசநோய் இருக்கக்கூடும். கிரையோஸ்டாட் கத்தி ஆழமாக வெட்டும். இவற்றுக்கு நடுவே கழுத்துவலியை மறந்துவிடாதீர்கள்: நாற்காலியையும் நுண்ணோக்கியையும் உங்கள் உயரத்துக்குச் சரிசெய்த பிறகே உட்காருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இத்துறைக்கு எதிர்காலம் உண்டா?

ஸ்லைடை முழுவதும் ஸ்கேன் செய்து திரையில் பார்த்தே அறிக்கை தரும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் அனுமதி அளித்தது. புரோஸ்டேட் பயாப்ஸியில் சந்தேகப் பகுதியைச் சுட்டிக்காட்டும் மென்பொருளுக்கு 2021இல் அளித்தது. மைட்டோசிஸ் எண்ணுவது, கேஐ-67 (பெருகும் செல்களைக் காட்டும் புரதம்) சதவீதம் கணக்கிடுவது போன்ற அலுப்பான வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி. ஆனால் அது பார்ப்பது நீங்கள் கிராஸிங் மேசையில் தேர்ந்தெடுத்துத் தந்த திசுவை மட்டும்தான். கொழுப்பில் விட்டுப்போன கணுவை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

அறிக்கை போன பிறகு தவறு தெரிந்தால்?

முதலில் தொலைபேசி. சிகிச்சை தரும் மருத்துவரை அழைத்து, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள். பிறகுதான் எழுத்து. புதிய சோதனை முடிவைச் சேர்ப்பது இணைப்பு அறிக்கை. முடிவே மாறினால் திருத்திய அறிக்கை. இரண்டையும் குழப்பி, மாற்றத்தைக் கடைசிப் பத்தியில் மெதுவாகச் செருகுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

நோயாளிகளைச் சந்திக்காமல் மனம் வறண்டுவிடாதா?

ஊசி உறிஞ்சல் அறையில் கழுத்துக் கட்டியோடு வருபவரின் கையைப் பிடித்துப் பேசுவது நீங்கள்தான். குழுக் கூட்டத்தில் அவருடைய சிகிச்சையே உங்கள் ஸ்லைடைச் சுற்றித்தான் விவாதிக்கப்படும். மற்ற நேரங்களில் விண்ணப்பப் படிவத்தில் உள்ள வயதைப் படியுங்கள். அதுவே போதுமான அளவுக்கு நோயாளியை அருகில் கொண்டுவரும்.

சேரும் முன் ஒரு துறையைப் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

தலைமை அறையை விட்டுவிட்டு, பிற்பகல் 3 மணிக்குக் கிராஸிங் அறைக்குப் போங்கள். மூத்தவர் யாராவது கையுறை அணிந்து ரெசிடென்ட்டின் பக்கத்தில் நிற்கிறாரா? காற்று கண்ணை எரிக்கிறதா? சைன்-அவுட் நடக்கும்போது ரெசிடென்ட் முதலில் தன் கருத்தைச் சொல்கிறாரா, வெறும் எழுத்தராகத் தட்டச்சு செய்கிறாரா? பழைய ஸ்லைடுகளின் கற்பித்தல் தொகுப்பு பூட்டாத அலமாரியில் இருக்கிறதா? இரவு ஃப்ரோசனுக்கு யார் வருவார் என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட்டிடம் தனியாக, "உறுதியாகத் தெரியாத கேஸில் மாலை 7 மணிக்கு யாரை அழைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் உடனே வந்தால் அந்தத் துறையில் சேரலாம்.